எட்டடுப்பு, ஒன்பதடுப்பு, பன்னிரண்டடுப்பு

"அம்மா, நீயும் பெரிம்மாவும் சின்னம்மாவும் மறுபடி என்னைக்கி ஒண்ணா கோயிலுக்கு வருவீங்க?"

தை அமாவாசையன்று, ஊற்றடியம்மன் கோயிலிலிருந்து இறங்கும் பாதையில், எட்டு வயது செல்லி இப்படிக் கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் ஒரு வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். கேள்வி மட்டும் மங்கம்மாளின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய் நின்றுவிட்டது. அதற்குச் சற்று முன்தான் அவள் தங்கை சாந்தம்மாள், பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் நின்று, "அம்மா மொகத்த எனக்குக் காட்டாத நீ எனக்கு அக்காவே இல்ல. இனிமே ஒன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் என் வூட்டுக்கு வராத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தாள். பெரியவள் மாதம்மாள் நின்று மங்கம்மாளை ஒரு தடவை பார்த்தாள். ஆனால் அவளும் தங்கையின் பின்னாலேயே போனாள்.

தப்பு மங்கம்மாளுடையதுதான். அம்மா கடைசி ஆறு வருஷமும் அவள் வீட்டில்தான் இருந்தாள். பொங்கல் கழிந்த வாரம் அம்மாவுக்குக் குளிர் ஜுரம் கண்டது. கணவன் குப்பன் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புளி கொண்டுபோயிருந்தான். அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்பி அக்காவுக்கும் தங்கைக்கும் சொல்லியிருக்கலாம். "அவளுங்கள அலைய வுடாத, காலையில எறங்கிப்புடும்" என்று அம்மாவே சொன்னாள். மங்கம்மாளும் விட்டுவிட்டாள். காலையில் இறங்கியது ஜுரம் மட்டும் அல்ல, உயிரும்தான். அம்மா சொன்னதைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ள மங்கம்மாளுக்கு மனம் வரவில்லை. செத்தவர்கள் மேல் பழி போட்டுத் தப்பிப்பது அவளுக்குத் தெரியாத வித்தை.

ஊற்றடியம்மன் மூன்று ஊருக்கும் பொது. மங்கம்மாளின் பலாமரத்தூர், சாந்தம்மாளின் நாவலூர், மாதம்மாளின் மேல்கொல்லை ஆகிய மூன்றிலிருந்தும் தினம் காலையில் ஊருக்கு ஒரு பெண் எண்ணெயோடு வந்து விளக்கேற்ற வேண்டும். இன்றைக்கு எந்த வீட்டு முறை என்பதைக் கோல் சொல்லும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு முறைக்கோல் உண்டு. அது எந்த வீட்டு வாசலில் சாய்ந்திருக்கிறதோ அந்த வீட்டுக்காரி மறுநாள் காலை கோயிலுக்குப் போவாள். போய்வந்ததும் கோலை அடுத்த வீட்டு வாசலில் சார்த்துவாள். அதைத் தாண்டிப் போகவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. இரண்டு வீட்டுக்காரிகள் மனமொத்தால் ஒரு நாள் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விளக்கேற்றியபின் மூன்று முறைக்காரிகளும் ஊற்றுத் தண்ணீரை ஒருவர் கையில் ஒருவர் வார்த்துக் குடித்துவிட்டுத்தான் கலைய வேண்டும். மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காமல் இருக்கலாம், வாய்க்கால் சண்டையில் இரண்டு வீடு வெட்டிக்கொண்டிருக்கலாம். முறை நாளில் நீட்டிய கையைத் தள்ளினால் அம்மனைத் தள்ளியதாகும். முறை இல்லாத நாளில் இந்தக் கட்டு யாருக்கும் இல்லை.

ஆகவே மங்கம்மாளுக்கு இருந்தது ஒரே வழி. தங்கைக்கும் தனக்கும் ஒரே நாளில் முறை வர வேண்டும். அன்றைக்கு அவள் தண்ணீரைத் தள்ள முடியாது. அந்த ஒரு கணத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். அக்காவும் கூட இருந்தால் இன்னும் நல்லது. என்றைக்கு?

பலாமரத்தூரில் எட்டு அடுப்பு. நாவலூரில் ஒன்பது. மேல்கொல்லையில் பன்னிரண்டு. வீட்டை எண்ணுவதில்லை, அடுப்பைத்தான் எண்ணுவார்கள். ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு முறை.

இந்தக் கணக்கைக் குப்பன் அடுத்த சந்தையில், புளி நிறுக்கும் கண்ணாயிரத்திடம் கொண்டுபோனான். கண்ணாயிரம் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சாக்கின் மேலேயே போட்டுக் காட்டியதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான்.

"எட்டொம்போது எழுவத்திரண்டு. அத்த பன்னெண்டால பெருக்குன்னான் மங்கா. எண்ணூத்தி அறுவத்தி நாலு நாளாம். ரெண்டேகால் வருசத்துக்கும் மேல. அதுக்குள்ள ஒன் தங்கச்சி கோவம் தானா ஆறிப்புடும், வுடு."

மங்கம்மாள் புளி உடைத்த கையைக்கூடக் கழுவாமல் நிமிர்ந்தாள். "போன வருசத்துலயே அஞ்சு தடவ நாங்க மூணு பேரும் அங்க ஒண்ணா நின்னோம். எனக்குத் தெரியாதா? அந்தாளு தராசு மாதிரிதான் அந்தாளு கணக்கும். எப்பப் பாத்தாலும் ஒரு பக்கம் சாயும்."

"எனக்கு இன்னா தெரியும்? அவன் பென்சிலு வச்சிக்கினு இருக்கான். நான் கோமணம் கட்டிக்கினு இருக்கேன்" என்று குப்பன் படுத்துவிட்டான்.

மறுநாள் பகலில் மங்கம்மாள் முற்றத்தில் புளியங்கொட்டையைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் தானியம் பங்கு போட்ட கை. தனக்கு எட்டு, தங்கைக்கு ஒன்பது, அக்காவுக்குப் பன்னிரண்டு என்று மூன்று குவியல் வைத்தாள். ஒரு கொட்டை ஒரு நாள். பிறகு எந்தக் குவியல் சின்னதாக இருக்கிறதோ அதற்கு மட்டும் போட்டுக்கொண்டே வந்தாள். தன்னுடையது சின்னதென்றால் இன்னொரு எட்டு, தங்கையுடையது சின்னதென்றால் இன்னொரு ஒன்பது. இருக்கிற இடத்துக்குப் போடவில்லை, இல்லாத இடத்துக்குத்தான் போட்டாள். பிள்ளைகளுக்குக் களி போடும்போது எந்தத் தாயும் செய்கிற காரியம்தான்.

இருபத்து நாலில் அவள் குவியலும் அக்கா குவியலும் சமமாயின. தங்கையுடையது மூன்று தள்ளி நின்றது. முப்பத்தாறில் அக்காவும் தங்கையும் சேர்ந்தார்கள், அவள் தனியே நின்றாள். நாற்பத்தெட்டில் மறுபடி அக்கா. எழுபத்திரண்டில் மூன்று குவியலும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. மங்கம்மாள் இரண்டாம் முறை எண்ணினாள். மூன்றாம் முறை செல்லியை எண்ணச் சொன்னாள். எழுபத்திரண்டேதான். கண்ணாயிரம் இறங்க வேண்டிய ஊரில் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தான்.

மூவருக்கும் கடைசியாக ஒரே நாளில் முறை வந்த தை அமாவாசையிலிருந்து எழுபத்திரண்டு நாள். விரல் கணுவில் நிலாவை எண்ணிப் பார்த்தாள். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள்.

அதன்பின் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீருக்குப் போனால் குடம் நிரம்பி வழிவது தெரியாது. களி கிண்டினால் அடிப்பிடிக்கும். இருபத்து நாலாம் நாள் கோயிலில் மாதம்மாளைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் வார்த்தாள், வாங்கிக் குடித்தாள், முகத்தைப் பார்க்காமல் போனாள். நாற்பத்தெட்டாம் நாள், தண்ணீர் வார்க்கும்போதே, மரத்தைப் பார்த்துப் பேசுவது போலச் சொன்னாள்.

"சாந்தா குடும்பம் குடகுக்குப் போவுது. காப்பித் தோட்டத்து மேஸ்திரி வந்து பேசிட்டான். பௌர்ணமி கழிஞ்ச ரெண்டாம் நாளு பஸ்ஸு. போனா மூணு வருசமோ நாலு வருசமோ."

"அக்கா, நான்..."

"எங்கிட்ட சொல்லாத. நான் இன்னா பண்றது? அவ அழுவுறப்ப நான் அவகூட நிக்கணும். நீ அழாம நிக்கிறியே."

தான் அழுததை யார் பார்த்தார்கள் என்று மங்கம்மாள் கேட்கவில்லை. எழுபத்திரண்டாம் நாள் இருக்கிறதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாயே, அதுவரைக்கும் யாருக்கும் ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள் என்று பாதையில் இருந்த கல்லுக்கெல்லாம் கும்பிடு போட்டாள்.

கெடுதல் வரவில்லை. கல்யாணம் வந்தது.

அறுபத்து நாலாம் நாள் அவள் முறை. நாவலூரிலிருந்து ஜெயம்மாள் என்பவள் வந்திருந்தாள். சாந்தம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி. வாயாடி. விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள். "எங்கூர்ல இப்ப பத்து அடுப்பு, தெரியுமா? சக்கரவர்த்தி மவன் தேவராஜு கண்ணாலம் கட்டி முழுசா மாசம் ஆவல. மாமியா உப்பு ஜாஸ்தின்னாளாம், மருமவ அன்னைக்கே தனி அடுப்பு மூட்டிட்டா. நேத்திலிருந்து கோலு அங்கயும் நின்னு வரணும்."

மங்கம்மாளின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்தது. "அப்ப எந்தங்கச்சி முறை..."

"நேத்துதான் வந்தா. இனிமே பத்து நாளு கழிச்சி."

அறுபத்து மூன்றும் பத்தும் எழுபத்து மூன்று.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு நாள். ஒரு மருமகளின் உப்பு. எழுபத்திரண்டில் இவளும் அக்காவும், எழுபத்து மூன்றில் தங்கை. தங்கை பஸ் ஏறாமலே இருந்தாலும் பிறகாவது சேருமா என்று மறுபடி கொட்டையைக் கொட்டினாள். இவளுக்கு எட்டெட்டாக, தங்கைக்குப் பத்துப் பத்தாக. நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. கோழிகள் வந்து குவியலைக் கிளறிக் கலைத்தன. விரட்டிவிட்டு மறுபடி வைத்தாள்.

கோழிகளைத் தேடிக்கொண்டு அடுத்த வீட்டு மாணிக்கம்மாள் வந்தாள். மங்கம்மாளைவிடப் பத்து வயது மூத்தவள். இந்தக் கோழிகளாலேயே இரண்டு வீட்டுக்கும் வருஷத்தில் பாதி நாள் பேச்சு இருக்காது.

"இன்னா மங்கம்மா, புளியங்கொட்டைக்கி மாப்பிள்ள பாக்குறியா? ரெண்டு நாளா குந்திக்கினே இருக்க."

மங்கம்மாள் கொட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தாள். செல்லிதான் சொன்னாள். "அம்மா முறை எப்பவும் ரெட்டையா வருது பெரிம்மா. சின்னம்மா முறை எப்பவும் ஒத்தையா வருது. ரெண்டு ரெண்டா அடுக்கிப் பாத்தோம். சின்னம்மா குவியல்ல ஒண்ணு மிச்சமாவே நிக்கிது. சேரவே சேராதாம்."

மாணிக்கம்மாள் குனிந்து குவியலைப் பார்த்தாள். தன் விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணினாள். பிறகு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோல் மங்கம்மாள் வீட்டுக்கு அடுத்து மாணிக்கம்மாள் வீட்டுக்குத்தான் போகும். எழுபத்து மூன்றாம் நாள் அவள் முறை. அவளோடு ஒரு நாள் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் அந்த நாள் சித்ரா பௌர்ணமி. பௌர்ணமி விளக்கு ஒரு வீட்டுக்கு வாய்ப்பதே அபூர்வம், அதிலும் சித்திரைப் பௌர்ணமி. மாணிக்கம்மாளின் ஒரே மகள் கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு கரு தங்காமல் போயிற்று. இந்த விளக்கை மகள் பேருக்கு ஏற்றுவதென்று மாணிக்கம்மாள் ஆறு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தானே இலுப்பை ஆட்டி எண்ணெய் எடுத்து, ஒரு புட்டியில் ஊற்றி உறியில் தொங்கவிட்டிருந்தாள்.

அதைப் போய் எந்த வாயால் கேட்பது?

கேட்கத்தான் போனாள். முதல் தடவை வாசல்வரை போய், "அக்கா, நெருப்பு இருக்கா?" என்று கேட்டுத் தணல் வாங்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டிலேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை போனபோது மாணிக்கம்மாள் மகளுக்காகக் குலதெய்வத்துக்கு முடிந்த மஞ்சள் துணியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மங்கம்மாள் அப்படியே திரும்பினாள். நம் நெஞ்சின் பாரம் இறங்க, இன்னொருத்தி வயிற்றின் ஆசையைக் கேட்பது என்ன நியாயம்?

"கேட்டா இன்னா, கொன்னா போட்டுடுவா?" என்றான் குப்பன். "இல்லன்னா இல்லன்னுவா."

"அவ ஆமான்னுட்டா? அத்த நெனச்சாதான்யா பயமா இருக்குது."

குப்பனுக்கு இது விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஏர் ஓட்டப் போனான்.

எழுபத்தோராம் நாள், முன் வீட்டுக்காரி கோலைக் கொண்டுவந்து மங்கம்மாளின் வாசலில் சார்த்திவிட்டுப் போனாள். மங்கம்மாள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். தங்கை இல்லாத முறைதான். என்றாலும் முறை முறைதான். வெயில் தாழ்வதற்குள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று ஓடைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது வாசலில் கோல் இல்லை.

செல்லியைக் கூப்பிட்டாள். கூரைமேல் பார்த்தாள். கோல் மாணிக்கம்மாளின் வாசலில் சாய்ந்திருந்தது.

"அக்கா, கோலு..."

மாணிக்கம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஒன் வாசக்கால்ல கரையான் ஏறுது. கோலுல பத்திக்கும்னு எடுத்தாந்தேன்."

"எங்கூட்ல கரையான் இல்லியே."

"இருக்குது. எனக்குத் தெரியும். இவ்ளோ தூரம் எடுத்தாந்ததுக்கு நாளைக்கி நானே போய்ட்டு வந்துடறேன். நாளானைக்கி நீ போ."

"அக்கா, நாளானைக்கி பௌர்ணமி."

"நெலா ஒரு நாளு முந்தி மட்டும் சப்பையாவா இருக்கப் போவுது? அம்மனுக்குத் தேதி தெரியும், போ." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்தது. "போய்ட்டு வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்கு அழுவுற கத புடிக்காது."

மங்கம்மாள் நின்றாள். காலில் விழலாம் என்று குனிந்தாள். மாணிக்கம்மாள் சட்டென்று எழுந்து, "அதோ பாரு, ஒம்மாடு என் பந்தல்ல வாய வைக்கிது" என்று கத்திக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாடு தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

பௌர்ணமி காலை. ஊற்றங்கரையில் மேல்கொல்லைப் பெண் ஒருத்தி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், பாறை நிழலில், முறையில்லாத மாதம்மாளும் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மாணிக்கம்மாள் அவளிடம் என்ன சொன்னாளோ, சொன்னவளுக்குத்தான் தெரியும். எந்தக் குவியலிலும் சேராத நாளில், யாரும் கூப்பிடாமல், அவள் தானாகவே ஏறி வந்திருந்தாள்.

சாந்தம்மாள் நாவல் மரத்துப் பக்கமிருந்து வந்தாள். மங்கம்மாளைக் கண்டதும் கால் நின்றது. ஆனால் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது, முறை இருந்தது. வந்தாள். மூன்று விளக்கும் ஏறின. மங்கம்மாள் ஊற்றிலிருந்து தண்ணீரை மொண்டு நீட்டினாள். சாந்தம்மாள் வேறு பக்கம் பார்த்தபடி கையைக் குவித்தாள். தண்ணீர் விழுந்தது. அவள் குடிக்கவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னுது சாந்தா. ஆள் வுட்டுருக்கணும். காலையில சரியாப்புடும்னு இருந்துட்டேன்."

மேல்கொல்லைப் பெண் நாசூக்காகச் சருகு பெருக்கப் போனாள்.

"அம்மா என்னக் கேட்டாளா?"

"கேட்டா. ரெண்டு தடவ. கடைசியில என்னையே சாந்தான்னு கூப்ட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"வந்துட்டேம்மான்னேன்."

சாந்தம்மாள் கையில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்தாள். மிச்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஊற்றில் குனிந்து மொண்டு, அக்காவின் கையில் வார்த்தாள். மாதம்மாள் பாறையிலிருந்து எழுந்து வந்து, "எனக்கும் ஊத்துங்கடி. முறையில்லன்னா தாகம் எடுக்காதா?" என்றாள்.

பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் பஸ்ஸுக்கு மங்கம்மாள் புளி உருண்டையும் சாமை மாவும் கட்டிக் கொடுத்தனுப்பினாள். நாவலூரில் ஓர் அடுப்பு அணைந்து, மறுபடி ஒன்பதாயிற்று.

மாணிக்கம்மாளுக்கும் மங்கம்மாளுக்கும் ஆடி மாதம் கோழிச் சண்டை வந்தது. அடுத்த மாதம் ஓய்ந்தது. பௌர்ணமி விளக்கைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. மங்கம்மாளுக்கு அது கடனாய் நின்றது. எதைக் கொடுத்தாலும் ஈடாகாது. கொடுக்கப் போனாலே அவள் கோழியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

ஐப்பசியில் மாணிக்கம்மாள் மகளைப் பார்க்கக் கலசப்பாக்கம் போனாள். "செவ்வாக் கெழம சாய்ங்காலம் வந்துடுவேன், புதன் என் முறை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லையென்று சேதி வந்தது. மங்கம்மாள் தன் முறையை முடித்துவிட்டு, வழக்கப்படி கோலை மாணிக்கம்மாளின் பூட்டிய கதவில் சார்த்தியிருந்தாள். முறை தப்பிய வீட்டுக்காரி திருவிழாவில் ஊர் கூடி நிற்க நூற்றொரு குடம் தண்ணீர் சுமந்து கோயில் படியைக் கழுவ வேண்டும். மாணிக்கம்மாளுக்கு முழங்கால் வலி ஒரு பக்கம். அதைவிட, மகளுக்காக நேர்ந்துகொண்டிருக்கிறவள் முறை தப்பினாள் என்று நான்கு பேர் சொல்வார்களே.

புதன்கிழமை, கோழி கூவுகிற நேரத்துக்கு, மங்கம்மாள் எழுந்தாள். குப்பனும் செல்லியும் கம்பளிக்குள் சுருண்டிருந்தார்கள். தன் வீட்டு எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி இலையால் மூடினாள். கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவிலிருந்து கோலை எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதையெங்கும் தண்ணீர் ஓடியது. ஊற்றங்கரைக்கு அவள்தான் முதல் ஆள். மழை நாளில் முந்தி வந்தவள் மற்றவர்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திரி நனைந்து நனைந்து அணைந்தது. நாலாவது தீக்குச்சியில் பிடித்தது.

"இது மாணிக்கம்மா வூட்டு வெளக்கு தாயே" என்றாள். தன் பேரைச் சொல்லவில்லை. ஊற்றிலிருந்து தானே ஒரு கை மொண்டு குடித்தாள்.

திரும்பி வந்தபோது ஊரில் இன்னும் ஒரு கதவும் திறக்கவில்லை. கோலை, மாணிக்கம்மாள் வீட்டுக்கு அடுத்த வேடியப்பன் வீட்டு வாசலில், மழை படாத பக்கமாகச் சாய்த்து வைத்தாள். கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஈரப் புல்லில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.